யாரை எடுப்பது, யாரை விடுவது: ஏஎஃப்எல் அணித் தேர்வு விவாதத்துக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

மெல்பன், அடிலெய்டு, பெர்த் என்று எந்த ஊருக்குக் குடிபோனாலும் மார்ச் முதல் செப்டம்பர் வரை ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது: "உங்களுக்கு எந்த டீம்?" கேட்பது ஏஎஃப்எல் பற்றி, அதாவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் முதல்நிலை லீக். ஏதோ ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்துவிடலாம். அதற்கு அடுத்த பேச்சில்தான் மாட்டிக்கொள்வோம். "அந்தப் பையனை ஹாஃப் ஃபார்வர்டில் போட்டு வீணடிக்கிறார்கள்", "இரண்டு ரக் எதற்கு?", "இந்த வாரமும் அவரை டிராப் பண்ணவில்லையா?" என்று ஆளாளுக்குப் பேசும்போது தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஆட்ட விதிகளைக் கற்றுத்தரப் பலர் இருக்கிறார்கள். இந்த வாக்குவாதத்தில் கலந்துகொள்ளத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆட்டத்தைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும். கோல் அடித்தால் 6 புள்ளி, கோல் தூணுக்கும் பக்கத்துத் தூணுக்கும் இடையில் போனால் 'பிஹைண்ட்', அதற்கு 1 புள்ளி. நான்கு குவார்ட்டர். அப்புறம், ஆஃப்சைடு என்ற பேச்சே கிடையாது. யாரும் எங்கும் ஓடலாம். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொசிஷன் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் மைதானத்தை ஐந்து வரிசையாகப் பாருங்கள்

ஒரு அணிக்குக் களத்தில் 18 பேர். நீள்வட்ட மைதானத்தில் நம் கோலிலிருந்து எதிரணி கோல் வரை ஐந்து வரிசை. வரிசைக்கு மூன்று பேர். நம் கோலுக்கு முன்னால் நடுவில் ஃபுல் பேக், அவருக்கு இருபுறமும் பேக் பாக்கெட். அடுத்தது சென்டர் ஹாஃப் பேக்கும் இரண்டு ஹாஃப் பேக் ஃபிளாங்க்கும். நடுவரிசையில் சென்டர், இருபுறமும் விங். அதைத் தாண்டினால் இதே ஏற்பாடு திரும்ப வரும்: ஹாஃப் ஃபார்வர்ட் வரிசை, பிறகு ஃபுல் ஃபார்வர்டும் ஃபார்வர்ட் பாக்கெட்டுகளும். இதில் 15 பேர் ஆயிற்று. மீதி மூவர் 'ஃபாலோயர்ஸ்'. பந்து போகும் இடமெல்லாம் போகிறவர்கள்: மேலே போகும் பந்தைக் குதித்துத் தன் ஆட்களுக்குத் தட்டிவிட நெட்டையாக ஒரு ரக்மேன் (சுருக்கமாக ரக்), கூடவே ரக் ரோவர், ரோவர்.

நம் ஃபுல் பேக்குக்கு எதிரே அவர்களுடைய ஃபுல் ஃபார்வர்ட், நம் விங்குக்கு எதிரே அவர்களுடைய விங். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எதிராளி உண்டு. யாரை யார் பிடிப்பது என்பதே தேர்வு விவாதத்தில் பாதி.

மைதானத்தின் அளவையும் கவனியுங்கள். கிரிக்கெட் பிட்ச் போல நிலையான அளவு இதில் இல்லை. மெல்பனின் பெரிய மைதானமான எம்சிஜி ஏறத்தாழ 160 மீட்டர் நீளம், 140 மீட்டர் அகலம். ஜீலாங் அணியின் கார்டினியா பார்க் நீளமானது, ஆனால் குறுகியது. அகலம் 115 மீட்டர் அளவுதான். எம்சிஜியில் ஓரமாக ஓடி ஆடுகிற ஒருவருக்கு அங்கே ஓட இடம் இருக்காது. "ஜீலாங் போகிறோம், அவரை எதற்கு எடுக்கிறார்கள்?" என்று யாராவது கேட்டால் அதற்கு இதுதான் பொருள்.

வியாழன் மாலை வரும் பட்டியலை வாசிக்கப் பழகுங்கள்

வார இறுதி ஆட்டங்களுக்கான அணிகள் வழக்கமாக வியாழன் மாலை அறிவிக்கப்படும். ரசிகர்களுக்கு அது வாரத்தின் முதல் ஆட்டம் மாதிரி. மேலே சொன்ன வரிசைப்படியே பெயர்கள் அச்சாகியிருக்கும். அதன் கீழே மாற்று வீரர்கள், அதற்கும் கீழே 'எமர்ஜென்சி' என்று சிலர். இவர்கள் யாருக்காவது கடைசி நேரத்தில் முடியாமல் போனால் உள்ளே வருகிறவர்கள். ஞாயிறு ஆட்டங்களுக்கு முதலில் நீளமான பட்டியல் வரும். அடுத்த நாள் சுருக்குவார்கள். அந்த ஒரு நாள் முழுக்க ஊகம்தான்.

ஆட்டத்துக்கு ஒரு அணி 23 பேரை எடுக்கிறது. வெளியே உட்காரும் ஐவரை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற விதி அடிக்கடி மாறும். 2023 முதல் 2025 வரை நால்வர் உள்ளே வெளியே போய்வரலாம், ஐந்தாமவர் 'சப்'. யாராவது ஒருவருக்குப் பதிலாக ஒரே ஒரு முறை இறங்குவார், வெளியே போனவர் திரும்ப முடியாது. 2026இல் சப் போய்விட்டது, ஐவருமே உள்ளே வெளியே போய்வரும் இன்டர்சேஞ்ச். பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசும்போது எந்த ஆண்டு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

புதியவர்கள் பட்டியலின் மேல்பகுதியைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பழகியவர்கள் நேராக 'இன்', 'அவுட்' வரிகளுக்குப் போவார்கள். அவுட் பெயருக்குப் பக்கத்தில் ஒரு காரணம் இருக்கும். 'இன்ஜர்ட்' என்றால் காயம். 'சஸ்பெண்டட்' என்றால் தண்டனை. 'ஒமிட்டட்' என்றால் ஆட்டம் போதவில்லை என்று நீக்கிவிட்டார்கள், பேச்சுவழக்கில் 'டிராப்'. 'மேனேஜ்ட்' என்றால் ஓய்வு. இந்தக் கடைசிச் சொல்லை ரசிகர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. மரியாதைக்காகச் சொல்லப்பட்ட 'ஒமிட்டட்' என்பார்கள். சில நேரம் அதுவும் சரிதான்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று உறுதியானவருக்குக் குறைந்தது 12 நாள் ஓய்வு கட்டாயம். அதனால் அடுத்த வாரம் அநேகமாக இருக்க மாட்டார். அதில் வாதாட ஒன்றுமில்லை. அந்த இடத்துக்கு யார் என்று மட்டும் பேசுங்கள்.

பிறகு பட்டியலை மூடிவைத்துவிட்டு நடுவில் ஆட்டம் தொடங்குவதைப் பாருங்கள்

அச்சில் உள்ள இடத்துக்கும் வீரர் உண்மையில் நிற்கும் இடத்துக்கும் தூரம் அதிகம். பேக் பாக்கெட் என்று போட்டிருப்பவர் மிட்ஃபீல்டில் நிற்பார். மாற்று வீரர் என்று போட்டிருப்பவர்தான் அணியின் முக்கியமான ஆளாக இருப்பார். எதிரணியைக் குழப்பக் கிளப்புகள் வேண்டுமென்றே செய்வதும் உண்டு, மெனக்கெடாமல் விடுவதும் உண்டு. "பட்டியலில் ஃபார்வர்ட் பாக்கெட் என்றுதானே போட்டிருக்கிறது" என்று நீங்கள் சொன்னால், எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

உண்மை தெரிகிற தருணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு குவார்ட்டர் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், ஆட்டம் மைதானத்தின் நடுவிலிருந்து தொடங்கும். 2019இல் வந்த 6-6-6 விதிப்படி அப்போது ஒவ்வொரு அணியும் ஆறு பேரை முன்னால், ஆறு பேரை நடுவில், ஆறு பேரைப் பின்னால் நிறுத்தியாக வேண்டும். நடுவில் உள்ள ஆறு பேரில் நால்வர் மைதானத்தின் நடுச் சதுரத்துக்குள், இருவர் விங்கில். (பெண்களுக்கான ஏஎஃப்எல்டபிள்யூவில் களத்தில் 16 பேர்தான், அங்கே 5-6-5.) சதுரத்துக்குள் நிற்கும் நால்வர் யார் என்று பாருங்கள். ஒருவர் ரக், மற்ற மூவர் அந்த அணி உண்மையிலேயே நம்பும் மிட்ஃபீல்டர்கள். உங்கள் அபிமான வீரர் எத்தனை முறை அங்கே நின்றார் என்று ஒரு குவார்ட்டர் முழுக்க எண்ணிப் பாருங்கள். 'சிபிஏ' (சென்டர் பவுன்ஸ் அட்டெண்டன்ஸ்) என்று அதற்கு ஒரு புள்ளிவிவரமே இருக்கிறது. பொசிஷன் விவாதத்தில் அதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை.

தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். மைதானத்துக்கு நேரில் போனால்தான் பந்து இல்லாத பக்கத்தில் நடப்பது தெரியும். ஒரே ஒருமுறையாவது போங்கள். கோலுக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். ஹாஃப் ஃபார்வர்ட் என்று பெயர் போட்ட ஆள் பந்தைத் தேடித் தான் கோல் அடிக்க வேண்டிய முனையிலிருந்து நூறு மீட்டர் பின்னால் ஓடிவந்து, பிறகு அதே தூரம் திரும்ப ஓடுவதைப் பார்ப்பீர்கள். அணியில் நன்றி கெட்ட வேலை அதுதான் என்பது என் எண்ணம். ஓடி ஓடிக் களைத்தவரை, "பத்து முறைகூடப் பந்தைத் தொடவில்லை, டிராப் பண்ணு" என்று கூட்டம் திட்டும்.

இடம் மாறி வாழ்ந்தவர்கள் சிலரைத் தெரிந்துவையுங்கள்

"அவரை முன்னால் அனுப்பு", "பின்னால் தள்ளு" என்று ரசிகர்கள் கத்துவது வெறும் ஆத்திரமில்லை. அப்படிச் செய்து பலன் கிடைத்த கதைகள் நிறைய இருக்கின்றன. காலிங்வுட்டின் டார்சி மூர் தொடக்கத்தில் ஃபார்வர்ட். பின்வரிசைக்கு மாற்றப்பட்டு, அங்கேயே நிலைத்து, 2023இல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். ஹாத்தார்னின் ஜேம்ஸ் சிசிலியும் முன்னால் தொடங்கிப் பின்னால் போய்க் கேப்டனானவர். அதே காலிங்வுட்டில் நிக் டெய்காஸ் 2022இல் ஹாஃப் பேக்கிலிருந்து ஆடியே சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருதை வாங்கினார். அப்புறம் மிட்ஃபீல்டுக்குப் போனார். சிட்னியின் ஐசக் ஹீனி பல ஆண்டு முன்வரிசையில் ஆடியவர். 2024இல் மிட்ஃபீல்டர்கள் பலர் இல்லாத நெருக்கடியில் நடுவே இறங்கி, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக மாறிவிட்டார்.

எல்லோருக்கும் மேல் ஜீலாங்கின் மார்க் பிளிக்காவ்ஸ். 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் ஓடிக்கொண்டிருந்தவர். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம். ரக், விங், பின்வரிசை என்று எங்கே போட்டாலும் ஆடினார். 2015இலும் 2018இலும் கிளப்பின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். "இவருக்கு என்னதான் பொசிஷன்?" என்ற கேள்விக்கு ஜீலாங் ரசிகர்களிடம் இன்றுவரை ஒரே பதில் இல்லை.

இந்தப் பெயர்களை எச்சரிக்கையாகப் பயன்படுத்துங்கள். இடம் மாறித் தொலைந்துபோனவர்கள் பட்டியல் இதைவிட நீளம். அவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

உயரக் கணக்கைப் போடப் பழகுங்கள்

விவாதம் சூடாகிற இடம் இது. ஒவ்வொரு அணியும் நெட்டையானவர்கள் எத்தனை பேர், குள்ளமானவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். நெட்டையானவர்கள் உயரப் பந்தைப் பிடிப்பார்கள். பந்து தரையில் விழுந்துவிட்டால் அவர்களால் அதிகம் முடியாது. குள்ளமானவர்கள் நேர்மாறு. முன்வரிசையில் மூன்று நெட்டையா, இரண்டா? மழை பெய்தால் ஒருவரை நீக்கலாமா? இதெல்லாம் வாராவாரம் வரும். மெல்பன் குளிரில் பந்து வழுக்கும் நாளில் "ஒரு டாலைக் குறை" ('டால்' என்றால் நெட்டையான ஆள்) என்று நீங்களாகவே சொன்னால், மரியாதை ஒரு படி ஏறும்.

2017இல் ரிச்மண்ட் இந்தக் கணக்கையே புரட்டிப்போட்டது. முன்வரிசையில் நெட்டையான முக்கிய ஆள் என்று ஜாக் ரீவோல்ட் ஒருவர்தான். அவரைச் சுற்றி டான் பட்லர், ஜேசன் காஸ்டாக்னா, டேனியல் ரியோலி என்று வேகமான சின்ன ஆட்கள். உயரப் பந்தைப் பிடிக்க முடியாவிட்டாலும் எதிரணி அதை வெளியே கொண்டுபோக விடாமல் துரத்தினார்கள். இறுதியாட்டத்தில் அடிலெய்டை 48 புள்ளியில் வென்று, 37 ஆண்டுக்குப் பிறகு கோப்பை வாங்கினார்கள். அதன் பிறகு "ஒரே டால் போதுமா?" என்ற கேள்வி எல்லா அணிகளின் ரசிகர்களிடமும் புகுந்துகொண்டது.

ரக் விவாதம் இன்னும் சுவையானது. 2022 முடிவில் மெல்பன் அணி, தன்னிடம் மேக்ஸ் கான் இருக்கும்போதே காலிங்வுட்டிலிருந்து பிராடி கிரண்டியையும் கூட்டிவந்தது. இருவருமே லீகின் முதல்தர ரக்மேன்கள். ஒருவர் ரக்கில் நிற்கும்போது மற்றவர் முன்வரிசையில் கோல் அடிப்பார் என்பது திட்டம். திட்டம் பலிக்கவில்லை. 2023 பருவத்தின் பிற்பகுதியில் கிரண்டி நீக்கப்பட்டு, கேசி அணிக்காக இரண்டாம் நிலை லீகான விஎஃப்எல்லில் ஆடினார். ஆண்டு முடிவில் சிட்னிக்குப் போய்விட்டார். அவரை விட்டுக்கொடுத்த காலிங்வுட்டோ அதே 2023இல் கோப்பையை வாங்கியது. "நல்ல ஆள்தானே, எடுக்க வேண்டியதுதானே?" என்று யாராவது சொன்னால் கிரண்டி கதையை எடுத்துவிடுங்கள். ஒருவர் நல்ல ஆளா என்பது ஒரு கேள்வி. மற்ற 22 பேரோடு பொருந்துகிறாரா என்பது வேறு கேள்வி.

எண்களை எப்போது நம்புவது

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் 'டிஸ்போசல்' எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். உதைத்ததும் கையால் குத்தி அனுப்பியதும் சேர்த்த கணக்கு. முப்பது தாண்டினால் பிரமாதம் என்பார்கள். ஆனால் ஹாஃப் பேக்கில் இருப்பவருக்குப் பக்கவாட்டில் தட்டித் தட்டியே முப்பது வந்துவிடும். ஃபுல் பேக்குக்கு எட்டுகூட வராமல் அவர்தான் அன்றைய நாயகனாக இருப்பார். ஆகவே இடத்துக்குத் தகுந்த எண்ணைக் கேளுங்கள். நடுவில் ஆடுபவருக்கு கிளியரன்ஸ் (கூட்டத்திலிருந்து பந்தை வெளியே எடுத்தது), நெருக்கடியில் வென்ற பந்து. பின்வரிசையில் இன்டர்செப்ட் மார்க் (எதிரணி உதைத்த பந்தைக் குறுக்கே புகுந்து பிடித்தது), கூடவே அவர் பிடித்த எதிராளி அடித்த கோல்கள். சின்ன ஃபார்வர்டுக்கு முன்பகுதியில் செய்த டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது). ரக்குக்கு அவர் தட்டியதில் எத்தனை நம் ஆள் கையில் விழுந்தது என்பது.

'டேகர்' என்றொரு வேலை இருக்கிறது. எதிரணியின் சிறந்த வீரரை நிழலாகத் தொடர்வது. 2023இல் ஹாத்தார்னின் ஃபின் மேகினஸ் நிக் டெய்காஸை இப்படிப் பிடித்தார். முப்பதை எளிதாகத் தொடும் டெய்காஸுக்கு அன்று ஐந்தே டிஸ்போசல். காலில் பட்ட அடியும் சேர்ந்துகொண்டது, மறுக்கவில்லை. ஆனால் மேகினஸின் மதிப்பைத் தெரிந்துகொள்ள அவருடைய எண்ணைப் பார்த்துப் பயனில்லை, டெய்காஸின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழி, ஃபேன்டசி: உண்மையான வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைக்கும் விளையாட்டு. சூப்பர்கோச், ஏஎஃப்எல் ஃபேன்டசி விளையாடுகிறவர்களுக்கு டிஃபெண்டர், மிட், ரக், ஃபார்வர்ட் என்று நான்கே வகை. சிலருக்கு இரண்டு வகையும் உண்டு. "அவர் ஃபார்வர்ட்தானே" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்கிறாரா, தன் ஃபேன்டசி அணியைப் பார்த்துச் சொல்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். பாதி சண்டை அங்கேயே முடியும்.

ஆகஸ்ட் கடைசியில் ஆண்டின் சிறந்த அணியாக ஆல் ஆஸ்திரேலியன் அறிவிக்கப்படும்போதும் இதே கூத்து. மிட்ஃபீல்டர்கள் அதிகம், இடம் குறைவு. மிஞ்சியவர்களை ஹாஃப் ஃபார்வர்ட் ஃபிளாங்க்கில் செருகுவார்கள். ஆண்டு முழுக்க அந்த இடத்தில் உழைத்தவர் வெளியே நிற்பார். என் கட்சி உழைத்தவர் பக்கம்தான், "சிறந்த ஆட்களை எடுத்தால் போதாதா?" என்று கேட்பவர்களும் நிறைய.

ரிசர்வ்ஸ் ஆட்டத்தையும் ஓரக்கண்ணால் பாருங்கள்

விக்டோரியா கிளப்புகளில் முதல் அணியில் இடம் கிடைக்காதவர்கள் விஎஃப்எல்லில் ஆடுவார்கள். "பையனுக்கு ஒரு வாய்ப்புக் கொடு" என்று கேட்பதற்கு முன் அவர் அங்கே என்ன செய்தார், எந்த இடத்தில் ஆடினார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் எல்லோரும் சொல்லும் கதை ரிச்மண்டின் மார்லியன் பிக்கெட். 2019இல் பருவத்தின் நடுவே நடந்த டிராஃப்ட்டில் (கிளப்புகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வந்தவர், வயது 27. விஎஃப்எல் இறுதியாட்டத்தில் ஆட்ட நாயகன். அரையிறுதிக்குச் சமமான பிரிலிமினரி ஃபைனலில் ஜாக் கிரஹாமுக்குத் தோளில் அடிபட, அந்த இடத்தில் பிக்கெட்டை எடுத்தார்கள். முதல் ஆட்டமே கிராண்ட் ஃபைனல். 1952க்குப் பிறகு அப்படி யாரும் அறிமுகமானதில்லை. ரிச்மண்ட் 89 புள்ளியில் வென்றது. எந்த ரசிகரும் துணிந்து சொல்லியிருக்க முடியாத தேர்வு அது.

இனி வாயைத் திறக்கலாம்

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவரை உள்ளே கொண்டுவரச் சொல்லும்போதே, யாரை வெளியே அனுப்புவது என்பதையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். இருபத்து மூன்று இடம்தான். "அவரை எடுக்கணும்" என்று யாரும் சொல்லலாம். "அவரை எடுத்து, இரண்டாவது ரக்கை நீக்கி, மூன்றாவது டாலை ரக்கில் கொஞ்ச நேரம் நிறுத்தலாம்" என்பது வாதம். அடுத்து, "அவர் யாரைப் பிடிப்பார்?" என்று எதிராளியைப் பற்றி ஒரு கேள்வி. இந்த இரண்டையும் வைத்தே ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம். தெரியாத வீரர் பெயர் வந்தால், "விஎஃப்எல்லில் எந்த இடத்தில் ஆடுகிறார்?" என்று கேளுங்கள். பதில் சொல்பவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் விஷயம் கிடைக்கும்.

திங்கட்கிழமை காலையில் தோற்ற அணியின் ரசிகரிடம் தேர்வைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், அவரே ஆரம்பிப்பார். சொந்தக் காரணங்களுக்காக விடுப்பு என்று ஒரு வீரர் பெயர் வெளியே போனால் அதைத் துருவக் கூடாது. வீரரின் இனத்தையோ குடும்பத்தையோ இழுத்துப் பேசுகிறவர் கூட்டத்தில் இருந்தால் அந்தப் பேச்சிலிருந்து எழுந்துவிடுங்கள். இந்த ஆட்டத்தில் பழங்குடி வீரர்கள் அந்தக் கொடுமையை நிறைய அனுபவித்திருக்கிறார்கள். ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வாங்கிய, ரக்கிலிருந்து முன்வரிசைவரை எங்கும் ஆடிய ஆடம் குட்ஸுக்கே கடைசி ஆண்டுகளில் மைதானம் மைதானமாகக் கூச்சல்தான் கிடைத்தது.

பயிற்சியாளருக்கு நமக்குத் தெரியாதவை தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள். பிரிஸ்பனின் லாக்கி நீல் 2025 இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் கெண்டைக்கால் காயத்தோடு வெளியேறியபோது அவருடைய பருவம் முடிந்தது என்றுதான் பேச்சு. கிராண்ட் ஃபைனல் அணியில் சப்பாக அவர் பெயர் வந்தது. முழு ஆட்டம் ஆட முடியாதவரை எடுக்கலாமா என்று ஊரே வாதாடியது. இரண்டாம் பாதியில் இறங்கினார். பிரிஸ்பன் 47 புள்ளியில் வென்றது.

கடைசியாக ஒன்று. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது பட்டியலை இன்னொரு முறை திறந்து பாருங்கள். வார்ம் அப்பில் ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொள்ளும், எமர்ஜென்சி ஆள் உள்ளே வந்திருப்பார். வாரம் முழுக்க நீங்கள் யாரை நீக்கச் சொன்னீர்களோ, அவரே ரக்கில் நிற்கவும் கூடும்.